ரெண்டு பூட்டுக் கதவு

உக்காருங்க தம்பி. ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க, எனக்கு முட்டி மடங்காது, நான் இந்தப் பக்கம் காலை நீட்டிக்கறேன். அந்தக் கேமராப் பையை மேல போடாதீங்க, மடியில வெச்சுக்குங்க. இந்த ரோட்டுக்கு அது தானா எறங்கி வந்து உங்க மண்டைல உக்காந்துக்கும். டிக்கெட்டு ரெண்டு பேருக்கும் எடுத்துட்டனுங்க. பஸ்சும் ஊரைத் தாண்டீருச்சு. இனி நீங்க கோவிச்சுட்டு எறங்கோணும்னா நடுக்காட்டுல வெயில்லதான் நிக்கோணும். அதனால இப்பவே உள்ளதைச் சொல்லீர்றேன்.

நாம போற ஊருல பாழடைஞ்ச பஞ்சு மில்லு எதுவும் இல்லீங்க.

பொகைக் கூண்டு சாஞ்சு நிக்குது, செவுத்துல அரசமரம் மொளைச்சிருக்குது, அடுத்த வாரம் இடிக்கறாங்கன்னு போன்ல சொன்னேனே, அத்தனையும் பொய்யிங்க. வேற என்ன பண்ணச் சொல்றீங்க? மொதல் தடவை கூப்பிட்டு, தம்பி எனக்கு ஒரு கஷ்டம், நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லோணும்னேன். மீட்டிங்ல இருக்கறேன்னு வெச்சுட்டீங்க. அடுத்த தடவை கூப்பிட்டு ஒரு மில்லு விழுகப் போகுதுன்னேன். விடிஞ்சா கோயமுத்தூர்ல இருந்து வந்து தாராபுரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கறீங்க. கட்டடம் விழுகுதுன்னா ஓடியாந்தர்றீங்க. மனுசன் விழுந்தா அவனா எந்திரிச்சுக்குவான்னு உட்டர்றீங்க. தப்பு சொல்லலீங்க. ஆளாளுக்கு ஒரு தொழிலு.

மொகத்தைத் திருப்பிக்காதீங்க தம்பி. வேலை சின்ன வேலைதான். நல்லிக்காட்டு வலசுல எங்கண்ணன் இருக்கறாரு, சென்னியப்பன்னு பேரு. நீங்க என்ற கூட வந்து அவரு முன்னாடி நின்னு, 'உங்கப்பன் வூட்டை உடைச்சது உங்க தம்பி நாச்சிமுத்து இல்லீங்க'ன்னு சொல்லோணும். அவ்வளவுதான். சொல்லீட்டு வாங்க, திரும்பற வழில மாடு பூட்டித் தண்ணி எறைச்ச ஒரு இடிஞ்ச கவலைக் கெணறு இருக்குது, நெசமாவே இருக்குது, அதைப் படம் புடிச்சுக்கலாம். வந்ததுக்கு வெறுங்கையோட போக வேண்டாம்.

நாச்சிமுத்து நாந்தானுங்க. என்னைய உங்களுக்குத் தெரியாது, உங்களை எனக்கு ரெண்டு மூணு வருசமா நல்லாத் தெரியும். தாராபுரத்துல இருந்து கரூர் போற ரோட்டுல ஒரு நீளச் செவுத்துல 'பழைய வீடுகள் உடைத்து எடுக்கப்படும்'னு பெருசா எழுதியிருக்குமே, அது நம்ம யார்டு. உத்திரம், தூணு, ஓடு, கல்லுக்கால், கதவு, நிலை எல்லாம் கெடைக்கும். நிலைன்னா கதவு நிக்கற சட்டம் தம்பி. வூடு கட்டறப்ப அதை நல்ல நேரம் பாத்து, மஞ்ச குங்குமம் வெச்சு நிறுத்துவாங்க. நாங்க நல்ல நேரம் பாத்துப் பேத்து எடுப்போம். எடுக்கறப்பவும் தேங்கா உடைப்போமுங்க, சும்மா சொல்லக் கூடாது.

என்ற பையன் பூபதிதான் உங்க பக்கத்தை மொதல்ல போன்ல காட்டுனான். 'அப்பா, இந்த ஆளு ஊர் ஊராப் போயி ஆளில்லாத கட்டடமாப் பாத்துப் படம் புடிச்சு, எங்க இருக்குதுன்னும் போடறாப்புல'ன்னான். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. முன்னெல்லாம் ஒரு வூட்டைக் கண்டுபுடிக்கோணும்னா மொபெட்டுல நாயா அலையோணும். டீக்கடைல உக்காந்து எந்தக் கெழவன் செத்தான், எவன் மகன் அமெரிக்காவுக்குப் போனான்னு காதைக் குடுத்துட்டே இருக்கோணும். நீங்க வந்ததுக்கப்பறம் அந்த அலைச்சல் இல்லீங்க. காலைல பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி உங்க படத்தைத்தான் பாக்கறது. பெருசு பண்ணிப் பாத்தா தேக்கா வேம்பான்னு ரேகை கூடத் தெரியுது. நல்ல கேமராங்க அது.

அந்தப் புகையிலைக் குடோன் போட்டீங்களே, செவப்பு மண்ணு செவுரு, உள்ள வௌவாலு. அது நாந்தானுங்க. ஓடைக்கரைச் சத்திரம், அதுவும் நாந்தான். கரட்டு ஓரமா ஒரு ஒத்த ரூமு பள்ளிக்கூடம் போட்டு, கீழ 'காலம் நடத்திய கடைசிப் பாடம்'னு எழுதியிருந்தீங்க. என்ற சம்சாரம் அதைப் படிச்சுப் போட்டு ஒரு மூச்சு அழுதா. கீழ எத்தனை சனம், ஐயோ போச்சே, நெஞ்சு வலிக்குதேன்னு. சரி, இத்தனை பேருக்கு நெஞ்சு வலிக்குதே, ஒருத்தராச்சும் வருவாங்கன்னு அந்தக் கரும்பலகையைத் தொடைச்சு யார்டு வாசல்லயே நிறுத்தி வெச்சேன். ஒரு ஆளு வரோணுமே. கடைசீல ஒரு பிரியாணிக் கடைக்காரர் வந்து தூக்கிட்டுப் போனாரு. இப்ப அதுல அன்னாடம் காடை இருக்குதா இல்லையான்னு எழுதிப் போடறாரு.

மொறைக்காதீங்க. மறையறதுக்கு முன்னாடி பதிவு பண்றேன்னு நீங்கதானே எழுதறீங்க? மறைய வெக்க ஒரு ஆளு வேண்டாமுங்களா? நீங்க சொன்னா சொன்ன சொல்லு நிக்கோணும்னு நான் பின்னாலயே வந்து பாடுபட்டுட்டு இருக்கறேன். ஒரு நாளைக்கு ஒரு நன்றி சொல்லியிருப்பீங்களா. கூட்டாளிகன்னா அப்படித்தான், போகட்டும்.

இப்ப அந்த ரெண்டு பூட்டுக் கதவுக்கு வாரேன்.

மார்கழி மாசம் போட்டீங்க. ஓட்டு வூடு, பெரிய வேப்பங்கதவு, ஒரே நாதாங்கில மேல ஒரு பூட்டு, கீழ ஒரு பூட்டு. 'ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கின்றன'ன்னு எழுதியிருந்தீங்க. கீழ பூரா இதயமாப் போட்டுத் தள்ளியிருந்தாங்க. ஒரு புள்ளை 'நீயும் நானும்'னு எழுதியிருக்குது. தம்பி, அந்த மேல் பூட்டு எனுது. கீழ் பூட்டு எங்கண்ணனுது. அவரு உள்ள போயிரக் கூடாதுன்னு நான் போட்டது, நான் போயிரக் கூடாதுன்னு அவரு போட்டது. எங்க பக்கம் பங்காளிச் சண்டை வந்தா இதான் வழக்கம். கோர்ட்டு பங்கு பிரிச்சுக் குடுக்கற வரைக்கும் ஆளுக்கு ஒரு பூட்டு. நீங்க அதைக் காதல்னு எழுதிப் போட்டீங்க. எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு எங்க வக்கீலு சிரிச்ச சிரிப்பு இருக்குதே.

சண்டை எதுக்குன்னு கேக்கறீங்களா? ஒண்ணுமே இல்லீங்க. அப்பன் கருமாதி அன்னிக்கு சனமெல்லாம் சாப்பிட்டுப் போனதுக்கப்பறம் நானும் அண்ணனும் ஆசாரத்துல, அதான் முன்கூடத்துல, உக்காந்திருந்தோம். நான் சும்மா அண்ணாந்து உத்திரத்தைப் பாத்தேன். தொழில் பழக்கம், வேற எதைப் பாக்கறது? 'அண்ணா, இது ஒரே மரம், ஒட்டே இல்லை, இப்பத்திக்கு இந்த மாதிரிக் கெடைக்காது'ன்னேன். பாராட்டித்தானுங்களே சொன்னேன்? அப்பன் வூட்டைப் பத்தி ஒசத்தியாத்தானே சொன்னேன்? அந்த மனுசன் எந்திரிச்சு, 'அப்பன் சாம்பல் இன்னும் ஆறல, அதுக்குள்ள உனக்கு ஓடும் உத்திரமும் கண்ணுக்குத் தெரியுதா'ன்னு போயி கடைவீதில பூட்டு வாங்கிட்டு வந்து பூட்டிட்டாரு. அவரு பூட்டுனா எனக்குப் பூட்டு வாங்கத் தெரியாதா? அவரைவிட ஒரு சைசு பெருசா வாங்கிட்டு வந்து நானும் பூட்டிட்டேன். அவரு கேசு போட்டாரு. நான் பதில் போட்டேன். அந்தக் கேசை ஆரம்பிச்ச வக்கீலு செத்துப் போயி, அப்பறம் அவரு மகன் நடத்திட்டு இருந்தாப்புல. அவ்வளவு நல்ல கேசு.

வாய்தாவுக்கு வாய்தா தாராபுரம் கோர்ட்டுக்கு ரெண்டு பேரும் வந்துருவோம். பேச்சு வார்த்தை கெடையாது. கோர்ட்டுக்கு எதுத்தாப்புல ஒரு பேக்கரி. வெளிய வந்ததும் அவரு அந்த மேசை, நான் இந்த மேசை. எனக்கு சக்கரை வியாதின்னு யாரு போய் அவருகிட்டச் சொன்னாங்களோ, ஒரு நாளு டீ மாஸ்டரைப் பாத்து, 'அந்த மேசைக்குச் சக்கரை இல்லாமப் போடு'ங்கறாரு. என்னையப் பாக்கக் கூட இல்லை. நான் என்ன சும்மா இருப்பனா? அவருக்குச் சின்னதுல இருந்து தேங்கா பன்னுன்னா உசுரு. 'அந்த மேசைக்கு ஒரு தேங்கா பன்னு குடுப்பா'ன்னேன். கேசு வேற, பன்னு வேற. அண்ணி செத்தப்ப நான் போகலீங்க. எழவுக்குப் போனா கேசு வீக்காயிரும்னு வக்கீலு சொன்னாரு. அடுத்த வாய்தாவுக்கு வந்தப்ப ஆளு பாதியா எளைச்சிருந்தாரு, சட்டை தொளதொளன்னு தொங்குது. அன்னிக்கு ரெண்டு பன்னு அனுப்பிச்சேன். ரெண்டையும் சாப்பிட்டாருங்க. இதையெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, எதிராளின்னாலும் ஒரு மருவாதி இருந்துதுன்னு சொல்ல வாரேன். வேற ஒண்ணுமில்லை.

ஏனுங்க கண்டக்டர், அந்தப் பாட்டைச் சித்தக் கொறைங்க. பேச வேண்டாமுங்களா.

சரி. தை மாசம் எனக்கு முட்டி ஆப்பரேசன். ஈரோட்டுல மக வூட்டுல படுத்த படுக்கையாக் கெடக்கறேன். யார்டைப் பூபதி பாத்துக்கறான். தைப்பூசத்துக்கு எங்கூருப் பக்கமெல்லாம் காவடி எடுத்துட்டுப் பழனிக்கு நடந்து போயிருவாங்க தெரியுமுங்களா, ஊரே காலியாயிரும், நாயும் கோழியும்தான் இருக்கும். எங்கண்ணனும் போயிட்டாரு. சாமி கும்பிட்டு முடியெறக்கிட்டுத் திரும்பி வந்து பாக்கறாரு, வூட்டைக் காணோம்.

வூட்டைக் காணோமுங்க தம்பி. கூரை இல்லை, தூணு இல்லை, நிலை இல்லை. மொட்டைச் செவுரு நிக்குது.

ஊருல எல்லாரும் யாரைச் சொல்லுவாங்க? அக்கட்ட இக்கட்ட யோசிக்கறதுக்கே ஆளில்லை. நேரா என்ற பேரு. மக வூட்டுல கட்டு போட்டுட்டுக் கெடக்கறவனுக்குப் போன் பண்ணி, 'ஏப்பா நாச்சிமுத்து, அப்பன் வூட்டையுமா'ன்னு கேக்கறாங்க. நான் ஊன்றுகோலோட கார் புடிச்சுப் போயிப் பாத்தேன். பாத்தா, என்னத்தச் சொல்ல, வேலைன்னா அது வேலை. பூட்டைத் தொடவே இல்லை. நிலையைச் சுத்திச் செவுத்தைக் கொத்தி, கதவு பூட்டுனது பூட்டுனபடி நிலையோட அலுங்காம வெளிய எடுத்திருக்கறான். பூட்டை உடைச்சாத்தானே கேசு? இந்த வித்தை நான் கண்டுபுடிச்சதுங்க. இந்த ஜில்லாவுல எனக்கும் என்ற யார்டு ஆளுகளுக்கும் தவிர எவனுக்கும் வராது. ஊரு பழனிக்குப் போற சமயம் பாத்து வந்திருக்கறான், அதுவும் என்ற வழக்கந்தான். ஓட்டை எறக்குனதுல ஒரு ஓடு ஒடையல. சல்லியெல்லாம் ஓரமாக் குமிச்சு, தரையைப் பெருக்கித் தண்ணி தெளிச்சுட்டுப் போயிருக்கறான். வூடு போனாலும் எடம் அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு நான் யார்டுல எல்லாருக்கும் சொல்லிக் குடுத்திருக்கறேன். எவனோ போட்டிக்காரன் உக்காந்து பாத்துப் பாத்து அச்சு அசலாக் கத்துருக்கறான். நான் அந்தச் செவுத்துல சாஞ்சு நின்னு, 'எவன்டா இவன், இவ்வளவு சுத்தமா'ன்னு ஒரு நிமிசம் பெருமைப்பட்டே போட்டனுங்க. அப்பறந்தான் அது நம்ம வூடுன்னு ஒறைச்சுது.

போலீசுக்குப் போலாமேன்னு நெனைக்கறீங்க. போனனுங்க. எழுதறவரு பேரு கேட்டாரு, சொன்னேன். தொழிலு கேட்டாரு, சொன்னேன். பேனாவை மூடி வெச்சுட்டாரு.

நான் ஆயிரம் கட்டடம் உடைச்சிருப்பேன். ஒருத்தரும் என்னையக் குத்தம் சொன்னதில்லை. உடைக்காத ஒரே வூட்டுக்கு ஊரே என்ற மூஞ்சில துப்புது. இதுல எவ்வளவு நியாயம் இருக்குது பாருங்க.

அதுக்கப்பறம் வந்த வாய்தாவுல எங்கண்ணன் ஜட்ஜய்யா முன்னாடி நின்னு, 'பங்கு பிரிக்க ஒண்ணும் இல்லீங்க, கேசை வாபஸ் வாங்கிக்கறேன், எடத்தையும் அவனே எடுத்துக்கட்டும்'னுட்டாரு. கோவமாச் சொல்லலீங்க. சாப்பாடு போதும்னு சொல்றாப்புல சொன்னாரு. எங்க வக்கீலு என்ற கையைப் புடிச்சுக் குலுக்கி, 'ஜெயிச்சுட்டோம்ணா'ங்கறான். நான் நொண்டி நொண்டிப் போயி பேக்கரில என்ற மேசைல உக்காந்தேன். அந்த மேசைக்கு ஆளு வரல. எட்டிப் பாத்தா நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டு இருக்கறாரு. டீ மாஸ்டர் சக்கரை போட்டுக் குடுத்துட்டான், சொல்றதுக்கு ஆளில்லைல்ல. குடிக்க முடியலீங்க தம்பி. ஆறிப் போற வரைக்கும் டம்ளரையே புடிச்சுட்டு உக்காந்திருந்தேன். அப்பன் செத்தப்பக் கூட எனக்கு அப்படி இருக்கல.

ஆமாங்க, கேசுல ஜெயிச்ச சந்தோசம் அப்படித்தான் இருக்கும் போலிருக்குது.

அப்பறம் மகதான் போன்ல ஒரு படம் காட்டுனா. கோயமுத்தூர்ல ஒரு காப்பிக் கடை. காப்பிக் கடைன்னா நம்ம ஊரு மாதிரி இல்லீங்க, உள்ள இருட்டா, குளுகுளுன்னு, வேலைக்கு இருக்கறவங்க எல்லாம் கறுப்புச் சட்டை. அங்க ஒரு செவுத்துல எங்க நிலையும் கதவும் நிக்குது. பூட்டு ரெண்டும் தொங்குது. நீங்க போட்ட படம் நாலு பக்கம் பரவி, அந்தக் கடைக்காரருக்கு அதே கதவுதான் வேணும்னு ஆசை வந்துருச்சாமா. போனேன். என்னைய வாசல்லயே நிறுத்தி, 'ரிசர்வேசன் இருக்கா அங்கிள்'ங்கறாங்க. இருக்குது கண்ணு, எங்கப்பன் காலத்துல இருந்து இருக்குதுன்னேன். புரியல. ஒரு காப்பி சொல்லீட்டு எங்க கதவுக்கு எதுத்தாப்புல உக்காந்தேன். சோடி சோடியா வந்து அதுமேல சாஞ்சுட்டுப் படம் எடுத்துக்கறாங்க. கட்டிக்கப் போறவங்களாமா. அந்தக் கதவுக்குப் பின்னாடி நானும் அண்ணனும் மம்பட்டிக் காம்பைத் தூக்கி நின்னது அவங்களுக்கு என்ன தெரியும்?

கூட்டம் கொறைஞ்சதும் எந்திரிச்சுப் போயி, அரைஞாண் கயித்துல கட்டியிருக்கற சாவியை எடுத்து என்ற பூட்டைத் தெறந்து பாத்தேன். தெறந்துதுங்க, நல்லா எண்ணெய் போட்ட மாதிரி. எங்கண்ணன் பூட்டைச் சும்மா கையில புடிச்சு இழுத்துப் பாத்தேன். அது அப்படியே இருக்குது. தெறந்திருந்தாலும் அந்தப் பக்கம் செவுருதானே. கறுப்புச் சட்டைப் பையன் ஓடியாந்து, 'அங்கிள், டெக்கரேசனைத் தொடக் கூடாது'ன்னான். மொதலாளியைக் கூப்பிட்டு இதை யாருகிட்ட வாங்குனீங்கன்னு கேட்டேன். அதெல்லாம் சொல்றதில்லைங்கன்னுட்டாரு. அதுவும் சரிதான், நானே என்ற கஸ்டமருக்கு அதைச் சொல்லிக் குடுத்திருக்கறேன். எங்கிருந்து வந்துதுன்னு யாரு கேட்டாலும் சிரிங்க, சொல்லாதீங்கன்னு.

இத்தனை கூத்துலயும் எனக்கு ஆறுதல்னா பூபதி ஒருத்தந்தான். படிச்ச பையனுங்க, இஞ்சினீயரு. வாபஸ் வாங்குன அன்னிக்கு அவன் மூஞ்சியைப் பாத்திருக்கோணும் நீங்க. 'பெரியப்பா உங்ககிட்ட வந்து பேசலீங்களாப்பா? ஒரு வார்த்தை கூடவா பேசல'ன்னு கேட்டுக் கேட்டு மாயறான். சோத்துல கை வெக்கல. தேம்பித் தேம்பி அழுகறான். அப்பன் மேல பழி விழுந்துருச்சேன்னு அவ்வளவு வெசனம். இந்தக் காலத்துல எந்தப் பையன் இப்படி இருக்கறான் சொல்லுங்க. நான் படுத்திருந்த மாசத்துலயும் யார்டைச் சும்மா போடலீங்க, எங்கிருந்தோ ஒரு லோடு நல்ல வேம்பு எறக்கியிருந்தான். திரும்பி வந்ததுல இருந்து நான் தெனமும் அந்த உத்திரத்து மேலதான் உக்காந்து டீ குடிக்கறேன். அப்படியே ஒரே மரம், ஒட்டே இல்லை.

இன்னும் கொஞ்ச தூரந்தானுங்க. அந்தக் கரடு தெரியுதா, அதுக்கு அந்தப் பக்கம். சரி, என்ன சொல்லோணும்னு ஒருக்கா பாத்துக்குவோம். எங்கண்ணன் திண்டுக்கு முண்டா கேப்பாரு, பயந்துக்காதீங்க. அவரை ஐயான்னு கூப்பிடுங்க, அங்கிள்னு கூப்பிட்டுத் தொலைச்சுறாதீங்க. 'ஐயா, நான் படம் போட்டனுங்க, அதைப் பாத்துட்டு ஒருத்தன் என்னையக் கூப்பிட்டு வழி கேட்டான், அவந்தான் உடைச்சிருக்கோணும், உங்க தம்பி இல்லீங்க'ன்னு சொல்லுங்க. யாரோ ஒருத்தன் கேட்டிருப்பான்ல? நீங்க அந்தப் படத்துக்கு மட்டும் ஊர் பேரு போடலையே. கேக்காம எப்படி வந்திருப்பான்?

ஆங், கேட்டானா. பாத்தீங்களா, நான் சொன்னேன்ல.

நீங்களே கூட்டிட்டுப் போனீங்களா? வூடு வரைக்கும்? நல்லதாப் போச்சு தம்பி, கண்ணுல பாத்த சாட்சி. என்னன்னு சொல்லீட்டு வந்தான்? பழைய கட்டடத்தைக் காப்பாத்தற ஆளுன்னா? நல்ல கதை. ஆளு எப்படி இருந்தான்? ஒசரமா, ஒல்லியா, தாடி வெச்சுட்டு. இப்ப எல்லாப் பசங்களும் அப்படித்தான் இருக்கறாங்க. எடது புருவத்துல வெட்டுத் தழும்பா. அது… அது யாருக்கு வேணும்னாலும் இருக்கும். பேரு சொன்னானா?

சித்தப் பொறுங்க தம்பி.

சித்தப் பொறுங்க. பேசாதீங்க.

அந்தப் பேரை இன்னொருக்காச் சொல்லுங்க.

கதவு முன்னாடி நின்னுட்டு வேற என்னமோ சொன்னான்னு சொன்னீங்களே, அது என்ன? 'இது நிக்கற வரைக்கும் அந்த ரெண்டு பெருசுகளும் ஒண்ணு சேர மாட்டாங்க'ன்னானா. அப்படியே சொன்னானா. நீங்க என்னன்னு நெனச்சீங்க? பூட்டுகளைச் சொல்றான்னு. கவிதை மாதிரிச் சொல்றான்னு. நல்லா நெனச்சீங்க போங்க.

தண்ணி இருக்குதுங்களா பையில? குடுங்க.

கேசு ஆரம்பிச்சதுல இருந்து அவனை அந்த ஊர்ப் பக்கமே நான் உட்டதில்லை, அதான் உங்ககிட்ட வழி கேட்டிருக்கறான். படிக்க வெச்சேன் தம்பி. எந்தத் தூணைத் தட்டுனா கூரை எந்தப் பக்கம் விழும்னு கணக்குப் போட்டுச் சொல்லுவான். செவுத்தை எடுத்துட்டா ரெண்டு பக்கமும் காத்து வரும்னு நெனச்சிருக்கறான். நானும் எங்கண்ணனும் எதைப் புடிச்சுட்டு இத்தனை வருசம் நின்னோம்னு அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்திருக்கறா? நான் சொல்லல. எனக்கே அந்தப் பேக்கரில உக்காந்தப்பத்தானே தெரிஞ்சுது. பெரியப்பன் வந்து பேசுவாருன்னு காத்துட்டு இருந்திருக்கறான் அந்தக் கிறுக்கன். நான் அவன் கண்ணைத் தொடைச்சு உட்டு, அப்பனுக்கு ஒண்ணும் ஆகாது சாமின்னு சொல்லிச் சாப்பிட வெச்சேன்.

இல்லை, நீங்க எந்திரிக்க வேண்டாம். உக்காருங்க. நீங்க இங்க எறங்க வேண்டாமுங்க. இந்த பஸ்சு கடைசி வரைக்கும் போயி இதே வழியாத்தான் திரும்பும், நேரா தாராபுரம் போயிருங்க. எங்கண்ணங்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். யாருகிட்டயும் சொல்ல வேண்டாம். பூபதின்னு ஒருத்தனை நீங்க பாக்கவே இல்லை, சரிங்களா? போன்ல அவன் நம்பரு இருந்தா அழிச்சுப் போடுங்க.

எங்கண்ணனைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. பூபதிதான் உடைச்சான்னு தெரிஞ்சா அந்த மனுசன் ஒண்ணுமே பண்ண மாட்டாரு. சின்னப் பையன், போச்சாது போன்னு உட்டுருவாரு. உட்டுட்டாருன்னா அதோட முடிஞ்சுது, சந்தைல பாத்தாலும் அவரு அவரு வழி, நான் என்ற வழி. அதுக்கா நான் இந்த முட்டியோட பஸ் ஏறி வந்தேன்? நான் போயி அவரு வாசல்ல நின்னு, 'ஆமாண்ணா, நாந்தான் உடைச்சேன், நிலையைக் கோயமுத்தூருக்கு வித்துப் போட்டேன், உங்களால ஆனதைப் பாத்துக்குங்க'ன்னு சொல்லப் போறேன். கொஞ்சம் திமிராத்தான் சொல்லோணும். அழுதுட்டுச் சொன்னா மன்னிச்சுப் போடுவாரு. கதவு எங்க இருக்குதுன்னும் சொல்லீருவேன், கேசுக்கு ஆதாரம் வேணும்ல.

ஏனுங்க கண்டக்டர், வலசுல ஒரு ஆள் எறக்கம். மெதுவா நிறுத்துங்க, முட்டி ஆப்பரேசன்.

அந்த ஊன்றுகோலை எடுங்க தம்பி. கேசு போடாம உடமாட்டாருங்க எங்கண்ணன், ரோசக்காரரு. போட்டாருன்னா வாய்தாவுக்கு வாய்தா வந்துதானுங்களே ஆகோணும்.